பதினான்கு லட்சமும் ஒரு ‘சரிடா’வும்

வாசகர் கடிதம் (சுருக்கமாக):

“மேடம், எனக்கு 43 வயது. திருப்பூரில் பதினெட்டு தையல் மெஷின் போட்டு பவர் டேபிள் யூனிட் நடத்துகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து கூடவே வரும் நண்பர்கள் மூன்று பேர். வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரே பேக்கரியில் டீ குடிப்போம். 2024 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் நானும் ஒரு நண்பனும் கட்சி விஷயமாக நடுராத்திரி தாண்டியும் சண்டை போட்டோம். ‘நீயெல்லாம் படிச்சவனாடா’ என்று கேட்டுவிட்டேன். அவன் குரூப்பை விட்டே போய்விட்டான். என் புது வீட்டு கிரகப்பிரவேசத்துக்கும் வரவில்லை. ஏழு மாதம் பேச்சு இல்லை. இன்னொரு நண்பனின் அப்பா இறந்த வீட்டில்தான் மறுபடி பேசிக்கொண்டோம்.

அன்றைக்கே முடிவு செய்தேன். இனி யாரோடும் வாதம் கிடையாது. எவன் எதைச் சொன்னாலும் ‘சரிடா’. இப்போது அதே நண்பன், பூர்வீக நிலத்தை விற்று மகள் காலேஜுக்கென்று வைத்திருந்த 14 லட்சத்தை, மாதம் எட்டு வட்டி தருவதாகச் சொல்லும் ஒரு கம்பெனியில் போடப் போகிறான். அவன் மச்சான் ஐந்து மாதமாகப் பணம் வாங்குகிறாராம். என்னிடம் சொன்னபோது ‘சரிடா, பார்த்துப் பண்ணு’ என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வண்டியை எடுக்கும்போது எனக்குக் கை நடுங்கியது.

இன்னொரு நண்பன் என் மகனை ‘டியூப்லைட்’ என்றுதான் கூப்பிடுகிறான். பையனுக்கு 14 வயது, படிக்கச் சிரமப்படுகிறான். அதற்கும் சிரித்துவிட்டு இருந்துவிடுகிறேன். நண்பர்களிடம் எதற்குச் சண்டை போடலாம், எதை விட்டுவிடலாம் என்று சொல்லுங்கள்.”

அன்புள்ள திருப்பூர் வாசகருக்கு,

உங்கள் நண்பர் பணம் கட்டப்போகும் தேதியையும் எழுதியிருந்தீர்கள். அதனால் இந்தப் பதிலை முதலில் உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். ஊர், தொழில் தவிர மற்ற அடையாளங்களை எடுத்துவிட்டு இங்கே வெளியிடச் சம்மதித்ததற்கு நன்றி. இதே குழப்பத்தோடு என்னிடம் வருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தக் கை நடுக்கம்தான். ‘சரிடா’ என்று வாய் சொன்னது, கை ஒத்துக்கொள்ளவில்லை. எந்தச் சண்டை வேண்டும், எது வேண்டாம் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் உங்களிடமே இருக்கிறது. தேர்தல் நேரத்தில் போட்ட சண்டை தேவையில்லாதது. அதில் பட்ட சூட்டினால், இப்போது கட்டாயம் போட வேண்டிய சண்டையிலிருந்து ஒதுங்கி நிற்கிறீர்கள். ஒரு தடவை கை சுட்டுக்கொண்டவர் அடுப்பே பற்ற வைக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

நான் கோவையில் இருபத்தொரு வருஷமாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். வருகிறவர்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த வாதம் முடிந்த பிறகு, யாராவது ஒருவர் நாளைக்குச் செய்யப்போகும் காரியம் மாறுமா? மாறும் என்றால் பேசித்தான் ஆக வேண்டும். மாறாது என்றால், அதை டீ குடிக்கும்போது பேசுகிற பேச்சாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதற்காக ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உங்கள் தேர்தல் சண்டையை இந்தக் கேள்வியில் வைத்துப் பாருங்கள். இரண்டு பேரும் யாருக்கு ஓட்டு என்று முன்னாலேயே முடிவு செய்துவிட்டவர்கள். நடுராத்திரிவரை எழுதித் தள்ளினீர்கள். ஏப்ரல் 19ஆம் தேதி இரண்டு பேரும் அவரவர் நினைத்த பட்டனைத்தான் அழுத்தியிருப்பீர்கள். மாறியது எதுவென்றால், உங்கள் கிரகப்பிரவேசத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

அதற்காக அரசியலே பேசக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அரசியல் பேசாத நட்பு எனக்குச் சப்பென்றிருக்கும். உங்கள் சண்டையில் கெட்டது அரசியலால் வரவில்லை. இரண்டு விஷயத்தால் வந்தது. ஒன்று, நீங்கள் பேசிய இடம். குரூப்பில் மற்ற இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்க ஆள் இருந்தால் யாரும் இறங்கி வர மாட்டார்கள். இறங்கினால் தோற்றதாக ஆகிவிடும். பேக்கரியில் நேருக்கு நேர் பேசியிருந்தால் அவர் முகம் சுருங்கியதைப் பார்த்து நீங்களே பேச்சை மாற்றியிருப்பீர்கள். போனில் முகம் தெரியாது.

இரண்டாவது, ‘நீயெல்லாம் படிச்சவனாடா’ என்ற அந்த ஒரு வரி. அதுவரை கட்சியைப் பற்றிப் பேசினீர்கள். அந்த வரியில் அவரைப் பற்றிப் பேசிவிட்டீர்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர், கணவன் மனைவி சண்டை போடுவதைப் படம் பிடித்து, பல வருஷம் கழித்து அந்த ஜோடிகள் என்ன ஆனார்கள் என்று பார்த்தார். சண்டை போட்டதால் மட்டுமே பிரிந்துவிடவில்லை. எதிரில் இருப்பவரை மட்டமாக நினைப்பது, அந்த இளக்காரம், எங்கே இருந்ததோ அங்கேதான் பிரிவு அதிகம் வந்தது. காட்மனின் இன்னொரு முடிவு எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. தம்பதிகளுக்குள் வரும் சண்டைகளில் சுமார் 69 சதவீதம் கடைசிவரை தீர்வதே இல்லை. நன்றாக வாழ்கிறவர்களுக்கும் அப்படித்தான். அவர்கள் அந்தத் தீராத விஷயத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அப்பப்போ கிண்டல் பண்ணிக்கொண்டு, காலத்தை ஓட்டுகிறார்கள். இது தம்பதிகளைப் பற்றிய ஆய்வு. ஆனாலும் பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வரும் நட்பும் ஒரு வகையில் குடித்தனம் மாதிரிதானே.

நம் ஊரிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. பக்கத்து ஈரோட்டுக்காரர் பெரியாரும் சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜியும். காங்கிரஸில் சேர்ந்து வேலை செய்தவர்கள், பிறகு அரசியலில் நேர் எதிர்த் திசைக்குப் போனார்கள். 1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மூன்று மணி நேரம் படித்துவிட்டு மீதி நேரம் வீட்டுத் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். பெரியார் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று சொல்லி ஊர் ஊராக எதிர்த்தார். நண்பர் ஆயிற்றே என்று ‘சரி’ சொல்லவில்லை. லட்சக்கணக்கான பிள்ளைகள் நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்கப் போகிறார்கள் என்பது மாறக்கூடிய விஷயம். அது சண்டை போட வேண்டிய இடம். 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் போனது. நட்பு போகவில்லை. 1972 டிசம்பர் 25ஆம் தேதி ராஜாஜி இறந்தபோது, 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் இறுதிச் சடங்குக்கு வந்து அழுதார். எதிர்ப்பது ஒரு பக்கம், அந்த மனிதரை மதிப்பது இன்னொரு பக்கம் என்று இரண்டையும் கடைசிவரை கலக்காமல் வைத்திருக்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சரி, இப்போது அவசரமான விஷயத்துக்கு வருகிறேன்.

14 லட்சத்துக்கு எட்டு வட்டி என்றால் மாதம் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். அதே பணத்தை வங்கியில் ஏழு சதவீதத்துக்குப் போட்டால் ஒரு முழு வருஷத்துக்கே 98,000 ரூபாய்தான். வங்கி வருஷம் முழுக்கத் தருவதைவிட இந்தக் கம்பெனி ஒரு மாதத்தில் அதிகம் தருகிறதாம். அப்படி லாபம் வரும் தொழில் ஒன்று இருந்தால், அதை நடத்துகிறவர் ஊரில் இருப்பவரிடம் எட்டு வட்டிக்குப் பணம் கேட்டு அலைய மாட்டார். வங்கியிலேயே கடன் வாங்கிக்கொண்டு மீதியை அவரே வைத்துக்கொள்வார். பதினெட்டு மெஷின் ஓட்டும் உங்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு பீஸுக்கு என்ன நிற்கும் என்று தெரிந்தவர் நீங்கள்.

மச்சான் ஐந்து மாதம் வாங்கினார் என்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இந்த மாதிரிக் கம்பெனிகள் முதலில் ஒழுங்காகத்தான் கொடுக்கும். புதிதாகச் சேர்பவர் கட்டும் பணத்தை எடுத்து முன்னால் சேர்ந்தவருக்குக் கொடுக்கும். வாங்கியவர் போய்ப் பத்துப் பேரிடம் சொல்வார். அவர்தான் அவர்களுக்கு விளம்பரம். புது ஆள் வருவது குறைந்த மாதம் எல்லாம் நின்றுவிடும். நம் பக்கத்தில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். 2012இல் பெருந்துறையில் ஈமு பண்ணைகள் கவிழ்ந்தபோது உங்களுக்கு முப்பது வயது இருந்திருக்கும். பணம் கட்டினால் குஞ்சு தருகிறோம், வளர்க்க மாதாமாதம் பணமும் தருகிறோம் என்றார்கள். கடைசியில் தீனி போட வழியில்லாமல் பறவைகள் செத்தன. நகையை அடகு வைத்துப் பணம் கட்டியவர்கள் புகார் கொடுக்க வரிசையில் நின்றார்கள்.

சட்டம் இருக்கிறது. முதலீட்டாளர் நலனைக் காக்கத் தமிழ்நாட்டில் 1997லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களையே தடை செய்யும் மத்தியச் சட்டம் 2019இல் வந்தது. பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் இருக்கிறது. ஆனால் அதெல்லாம் பணம் போன பிறகு நடப்பது. சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, கோர்ட் வழியாகப் பிரித்துக் கொடுப்பதற்குள் வருஷக்கணக்கில் ஆகிவிடும். அதற்குள் அவர் மகள் காலேஜ் வயதைத் தாண்டிவிடுவாள். இதனால்தான் இது சண்டை போட வேண்டிய விஷயம் என்கிறேன். காரியம் இன்னும் நடக்கவில்லை, நடந்துவிட்டால் திருப்ப முடியாது, அடி படப்போவது அந்த முடிவில் வாயே திறக்க முடியாத ஒரு பெண். இந்த மூன்றும் ஒன்றாக இருக்கும்போது நட்பு கெட்டுவிடுமோ என்று யோசிக்க நேரமில்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குச் சொந்தமாக ஒரு காரணம் இருக்கிறது. ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழிக்கு 38 வயதில் சர்க்கரை நோய் வந்தது. ஒரு நாள் என் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து, மாத்திரையை எல்லாம் நிறுத்திவிட்டேன், ஒரு பொடி சாப்பிடுகிறேன், ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். பையிலிருந்து டப்பாவை எடுத்து டீப்பாயின் மேல் வைத்தாள். மூடியில் மஞ்சளாகப் பொடி ஒட்டியிருந்தது. எனக்குத் திக்கென்றது. ஆனால் அவள் படித்தவள், வயது வந்தவள், அவள் உடம்பைப் பற்றி முடிவெடுக்க அவளுக்கு உரிமை உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தொழில் எனக்கு அப்படி யோசிக்கக் கற்றுக்கொடுத்திருந்தது. ‘பார்த்துக்கோடி’ என்றேன். உங்கள் ‘பார்த்துப் பண்ணு’ மாதிரியே.

இரண்டு வருஷம் கழித்துக் காலில் புண் ஆறாமல் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது, கட்டுப் போட்ட காலைத் தலையணையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: “நீ ஏன்டி அன்னைக்கு ஒண்ணுமே சொல்லல?” நான் சொன்னால் கேட்டிருப்பாயா என்று கேட்டேன். “கேட்டிருக்க மாட்டேன். ஆனா நீ சொல்லியிருக்கலாம்ல” என்றாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அவள் முடிவை மதிக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டது உண்மையில் மரியாதை இல்லை. அவள் கோபத்தைச் சமாளிக்க எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

நீங்கள் எப்படிப் பேசுவது என்று பார்ப்போம். ‘ஏமாந்துடாதடா’ என்று ஆரம்பிக்காதீர்கள். தன் முடிவை யாரோ பறிக்கிறார்கள் என்று தோன்றினால் மனிதர்கள் அந்த முடிவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் 1966இலேயே விளக்கி எழுதிய விஷயம் இது. வீட்டில் பதினாறு வயதுப் பிள்ளை இருந்தால் ஆய்வே வேண்டாம். அதோடு உங்கள் இருவருக்கும் நடுவில் ‘படிச்சவனாடா’ என்ற பழைய தழும்பு வேறு இருக்கிறது. ‘ஏமாந்துடாதே’ என்றால் அவர் காதில் ‘நீ முட்டாள்’ என்றுதான் விழும்.

முதலில் அந்தப் பழைய கணக்கை முடியுங்கள். நீங்கள் மறுபடி பேசிக்கொண்டது ஒரு சாவு வீட்டில். அங்கே யாரும் மன்னிப்புக் கேட்டிருக்க மாட்டீர்கள், பேசாமலே சேர்ந்திருப்பீர்கள். “அன்னைக்கு உன்னைப் படிச்சவனான்னு கேட்டது தப்புடா” என்று ஒரே ஒரு வரி. அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கட்சியை இழுக்கவே வேண்டாம்.

அப்புறம் கேள்வி கேளுங்கள். யேல் பல்கலைக்கழகத்தில் ரோசன்ப்ளிட், கீல் என்ற இருவர் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஜிப், கழிவறை ஃபிளஷ் மாதிரித் தினமும் பயன்படுத்தும் பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்று உனக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டால் எல்லாரும் நன்றாகத் தெரியும் என்றார்கள். சரி, படிப்படியாக எழுது என்றதும், நமக்கு அவ்வளவாகத் தெரியாது என்று அவர்களே மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டார்கள். யாரும் அவர்களைத் திருத்தவில்லை. சொல்லச் சொல்ல அவர்களுக்கே தெரிந்தது. உங்கள் நண்பரிடமும் இதைத்தான் செய்ய வேண்டும். எனக்குத் தோன்றுகிற மாதிரி எழுதிக் காட்டுகிறேன், உங்கள் பேச்சில் மாற்றிக்கொள்ளுங்கள்:

“மாப்ள, அன்னைக்கு நீ சொன்னப்ப சரிடான்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன். மனசு கேக்கல. எனக்குப் புரியற மாதிரி ஒருக்கா சொல்லு. உனக்கு மாசம் ஒரு லட்சத்துக்கு மேல தர்றாங்களே, அவங்க என்ன வாங்கி என்ன விக்கறாங்க? மச்சான் கட்டுன பணம் எங்க போச்சு? பத்திரத்துல என்ன எழுதிக் குடுப்பாங்க? தங்கச்சிகிட்டச் சொல்லிட்டியா?”

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் கஷ்டம். அவர் யோசிக்கும் நேரத்தை நீங்கள் பேசி நிரப்பிவிடாதீர்கள். ‘தங்கச்சிகிட்டச் சொல்லிட்டியா’ என்ற கேள்விக்கு அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். மனைவியிடம் மறைக்கிறார் என்றால் அவருக்கும் உள்ளே சந்தேகம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சந்தேகத்தைப் பார்த்துப் பேசுங்கள். அவர் வீராப்பைப் பார்த்துப் பேசினால் தீராது. அதற்காக அவருக்குத் தெரியாமல் நீங்களே அவர் மனைவிக்குப் போன் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். “நீ சொல்றியா, இல்ல நான் கூட வரட்டுமா” என்று அவரிடமே கேளுங்கள்.

ரிசர்வ் வங்கி ‘சசேத்’ என்று ஓர் இணையதளம் வைத்திருக்கிறது. பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க ஒரு நிறுவனத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று அதில் தேடிப் பார்க்கலாம், புகாரும் கொடுக்கலாம். நீங்கள் தேடிக் கண்டுபிடித்து அவர் முன்னால் ஆதாரமாகத் தூக்கிப் போட வேண்டாம். இரண்டு பேரும் ஒரே போனில் சேர்ந்து பாருங்கள். ஆதாரம் யார் கையிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் அது ஏறும்.

குரல் ஏறினால் நிறுத்திவிடுங்கள். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது சரியாக உள்ளே போகாது என்பதும் காட்மன் சொன்னதுதான். குறைந்தது இருபது நிமிடம் ஆறப்போட வேண்டும் என்பார். “இரு, டீ சொல்லிட்டு வரேன்” என்று எழுந்து வெளியே போங்கள். நம் ஊரில் இருபது நிமிடத்தைக் கழிக்க டீயைவிட நல்ல வழி இல்லை.

அவர் பிடிவாதமாக நின்றால், முழுவதையும் தடுக்க முயன்று எல்லாவற்றையும் விட்டுவிடாதீர்கள். “பாப்பா நாலு வருஷ ஃபீஸ் எவ்வளவோ அதை மட்டும் அவ பேர்ல பேங்க்ல போட்டுடு. அதை நான் விட மாட்டேன்” என்று அந்த ஒரு இடத்தில் நில்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இன்னும் ஒன்று, இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது. எல்லாம் சொல்லியும் அவர் பணத்தைக் கட்டிவிட்டால், பிறகு அது போய்விட்டால், ‘அன்னைக்கே சொன்னேன்’ என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. அதை இப்போதே விட்டுக்கொடுத்துவிட்டுப் பேசப் போங்கள். கம்பெனி மூடும் நாளில் அவர் முதலில் யாருக்குப் போன் பண்ணுவார்? குத்திக் காட்ட மாட்டான் என்று நம்பிக்கை உள்ளவருக்குத்தான். ‘நீ எதைப் பண்ணினாலும் நான் உன்கூடத்தான் இருப்பேன்’ என்பதை அவரிடம் வாய்விட்டே சொல்லலாம். நம் ஆண்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட்டுக்கொண்டே சொல்லுங்கள், பரவாயில்லை.

உங்கள் மகன் விஷயம்.

இங்கே வாதமே தேவையில்லை. ‘டியூப்லைட்’ என்று கூப்பிடுவது சரியா தப்பா என்று அந்த நண்பரோடு விவாதிக்காதீர்கள். அது விவாதத்துக்குரிய கருத்து இல்லை. தனியாக இருக்கும்போது, வண்டியில் போகும்போதோ பார்சலுக்காகக் காத்திருக்கும்போதோ, “அவனை அப்படிக் கூப்பிடாதடா, எனக்கு வலிக்குது” என்று சொல்லுங்கள். “சும்மா ஜாலிக்குடா” என்பார். “ஜாலிக்குன்னு தெரியும். இருந்தாலும் வேண்டாம்.” அவ்வளவுதான். பத்து வார்த்தைக்கு மேல் போனால் நீங்கள் விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவீர்கள், அவர் மறுக்கத் தொடங்கிவிடுவார். மறுபடி அந்தப் பெயரை யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள். நான்கு பேர் சிரிக்கும் இடத்தில் ஒருவர் சிரிக்காமல் டீயைக் குடித்துக்கொண்டிருந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

என் மனதை உறுத்துவது அந்த நண்பர் இல்லை, உங்கள் சிரிப்புதான். பையன் என்றைக்காவது பேக்கரிக்கு உங்களோடு வருவான். அவர் அப்படிக் கூப்பிடுவார். அவன் உடனே திரும்பி உங்கள் முகத்தைத்தான் பார்ப்பான். பதினான்கு வயதில் அதெல்லாம் மறக்காது.

படிக்கச் சிரமப்படுகிறான் என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் திணறுகிறானா? எழுதும்போது எழுத்து விட்டுப்போகிறதா? டிஸ்லெக்ஸியா என்னும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பரிசோதனை செய்து சான்றிதழ் வாங்கிவிட்டால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகள் உண்டு. பத்தாம் வகுப்புக்குள் நுழைவதற்கு முன்னால் செய்துவிடுங்கள். இது நண்பர்கள் விஷயம் இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை.

விட்டுவிட வேண்டியவற்றுக்கு நீங்கள் பட்டியல் கேட்கவில்லை, நானும் தரப் போவதில்லை. எந்த நடிகர் படம் ஓடும், கேப்டனை ஏன் மாற்றினார்கள், எந்தக் கடை பிரியாணி நல்லது என்பதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கே உரிய சந்தோஷம். அதற்குக் கத்திச் சண்டை போடுங்கள், யார் ஜெயித்தாலும் பரவாயில்லை. நண்பரின் சாமி நம்பிக்கையையும், பிள்ளையை அவர் எந்த மீடியத்தில் சேர்த்தார் என்பதையும், 1998இல் யார் யாரை விட்டுவிட்டு ஊட்டிக்குப் போனார்கள் என்பதையும் கிளறாதீர்கள். பேசத் தொடங்கும் முன் ‘இதை மற்றவர்கள் பார்க்க வேண்டும்’ என்ற ஆசை துளி இருந்தாலும் அன்றைக்கு வேண்டாம். அந்த ஆசை இருக்கும்போது நாம் நண்பருக்காகப் பேசுவதில்லை.

நீங்கள் எழுதிய தேதிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பேக்கரி வரை காத்திருக்காதீர்கள். அங்கே மற்ற இரண்டு பேரும் இருப்பார்கள். சனிக்கிழமை சாயந்திரம் எல்லாருக்கும் சம்பளம் கொடுத்து யூனிட்டைப் பூட்டியதும் நேராக அவர் வீட்டுக்குப் போங்கள். போனில் சொல்லிவிட்டுப் போக வேண்டாம். ஒரு நண்பர் வீட்டுக்குப் போகக் காரணம் வேண்டுமா என்ன. போகிற வழியில் மனதுக்குள் அந்த ஒரு வரியை மட்டும் சொல்லிப் பாருங்கள், ‘அன்னைக்கு உன்னை அப்படிக் கேட்டது தப்புடா’. மற்றதெல்லாம் அங்கே போனதும் தானாக வரும்.

போய்விட்டு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அவர் என்ன முடிவு எடுத்திருந்தாலும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்